ஆயுத பூஜைக்குப் பார்த்த பிரஷர்

என் மருத்துவப் பதிவேட்டில் ஓர் அடித்தல் திருத்தல் இருக்காது. ஆய்வுக்கு வருகிறவர்கள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மத்த கம்பெனிக்காரங்க இங்க வந்து கத்துக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியாது. இருபத்தொன்பது வருடம் ஒரு வார்ப்புத் தொழிற்சாலையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இன்று ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் பர்கூர் கிரானைட் பட்டறைகளிலும் முதலுதவி அறைகளில் புதிதாக உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வருவது, அந்தப் பதிவேடு முழுக்கப் பொய் என்பதைத்தான். ஓர் எண்ணைக்கூட நான் மாற்றி எழுதவில்லை. எல்லாம் என் காதால் கேட்டு என் கையால் எழுதியது. அப்படியும் பொய்.

கிழவி புதிர் போடுகிறாள் என்று நினைக்காதீர்கள். சொல்கிறேன்.

எங்கள் கம்பெனி ஓசூரிலிருந்து சானமாவு காட்டைத் தாண்டி, உத்தனப்பள்ளிப் பக்கம். இரும்பை உருக்கி வார்க்கிற இடம். மூன்று ஷிப்டு. வருடத்துக்கு ஒருமுறை எல்லாருக்கும் உடம்பைப் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பரிசோதனைக்கு ஆளைப் பிடிப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும். சூப்பர்வைசரிடம் கேட்டால், "ஆளை அனுப்பினா லைன் நின்னுடும் சிஸ்டர், அப்புறம் நீங்க வந்து மோல்டு தட்டுவீங்களா?" என்பார்கள். போராடிப் பார்த்துவிட்டு ஒரு வருடம் நானே ஒரு யோசனை சொன்னேன். ஆயுத பூஜைக்கு முந்தைய சில நாட்கள் உலையை அணைத்துவிட்டுக் கழுவித் துடைப்பார்கள் அல்லவா, அப்போது எல்லாரும் சும்மாதானே இருக்கிறார்கள், அந்த நாட்களில் பார்த்துவிடுகிறேன் என்றேன். நிர்வாகத்துக்கு ஒரே சந்தோஷம். உற்பத்தி கெடாமல் வேலை முடிகிறதே!

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. உலை குளிர்ந்திருக்கும், லாரி வராது, மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து முடித்த கையோடு ஆட்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். கையை நீட்டச் சொல்லிப் பட்டையைச் சுற்றினால், பிரஷர் எல்லாருக்கும் அருமையாக இருக்கும். எங்கள் ஆட்களுக்கு இரும்போடு பழகி உடம்பும் இரும்பாகிவிட்டது என்று நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அட, இதைவிட முட்டாள்தனம் உண்டா?

இரண்டாம் கேட்டில் முனிராஜ் என்று ஒரு செக்யூரிட்டி இருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர். லாரிகள் உள்ளே வருவதும் வெளியே போவதும் அந்தக் கேட் வழியாகத்தான். அந்த மனிதர் வாய் இருக்கிறதே, அப்பப்பா! "நிறுத்து, நில்சி, ஆப்பண்டி, ருக்கோ" என்று ஒரே மூச்சில் நாலு மொழியில் கத்துவார். எந்த ஊர் டிரைவரும் அவரிடம் வம்பு வைத்துக்கொள்ள முடியாது. கடைசிப் பெண் பர்கூர் அரசு இன்ஜினீயரிங் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லாமல் அவர் பேச்சு முடியாது.

அடிக்கடி என் அறைக்கு வருவார். "சிஸ்டர், கேஸு. நெஞ்சுல ஏறி உக்காந்துக்கிச்சு. அந்த ரோஸ் மருந்து ரெண்டு மூடி ஊத்துங்க."

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"களியும் அவரைக்கொட்டைக் கொழம்பும்."

"அவரைக்கொட்டை தின்னா கேஸ் வராம கேசரியா வரும்?" என்று சொல்லி ஊற்றிக்கொடுப்பேன். குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். சரியாகிவிடும். மருந்தில் சரியானது என்று நான் நினைத்தேன். கேட்டை விட்டு வந்து உட்கார்ந்ததில் சரியானது என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒருநாளாவது அந்தக் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தேனா? இல்லை. பூஜைக்குப் பார்த்ததுதான் இருக்கிறதே, நூற்று இருபத்தாறுக்கு எண்பத்திரண்டு, பிறகென்ன?

ஒருநாள் அவரே சொன்னார்: "ஆனா ஒண்ணு சிஸ்டர். லீவுலயும் இதே களி, இதே கொழம்புதான். ஒண்ணும் பண்றதில்ல. டியூட்டிக்கு வந்தாத்தான் புடிக்குது. வண்டிங்க வரிசை கட்டி நின்னா ஜாஸ்தி ஆவுது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வேலைக் கள்ளிக்குப் பிள்ளை மேல சாக்குன்னு சொல்வாங்க. உங்களுக்கு வயித்து மேலயா?" அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பாவம், அவரும் சேர்ந்து சிரித்தார். தன் நோய் என்ன, அது எப்போது வருகிறது, எதனால் கூடுகிறது என்று ஒரு மனிதர் வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டார். நான் அதற்குப் பழமொழி சொன்னேன். இப்போது நினைத்தாலும் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

எங்கள் கவலையெல்லாம் உலைக்காரர்கள் மேல்தான். அவர்களுக்கு முகமூடி, அவர்களுக்கு எக்ஸ்ரே, தூசி போகும் என்று அவர்களுக்கு வெல்லக்கட்டி. கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று எல்லாரும் நினைத்தோம்.

ஒரு தை மாதம். செக்யூரிட்டி ஒப்பந்தம் வேறு ஏஜென்சிக்கு மாறியது. பழைய ஆட்களைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள உடல்தகுதிச் சான்று வேண்டும் என்றார்கள். காலையில் எச்.ஆர். அதிகாரி சங்கரலிங்கம் போன் செய்தார். தூத்துக்குடிக்காரர், முப்பது சொச்சம் வயது, வேகமான ஆள்.

"சிஸ்டர், முனிராஜ் பேப்பர் மட்டும் வரலியே. பன்னெண்டு மணிக்குள்ள அனுப்பணும், இல்லன்னா வேற ஆளப் போட்டுருவாங்க. பூஜைக்குப் பாத்த பிரஷர் இருக்குல்லா? அத எடுத்து எழுதி விடுங்க."

எடுத்து எழுதினேன். 'தகுதி' என்பதில் டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டேன். முனிராஜ் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. கேட்டுக்குப் போன் போட்டால், "வர முடியாது சிஸ்டர், யானை எறங்கிடுச்சு" என்றார்.

சானமாவுக் காட்டிலிருந்து கூட்டம் ஒன்று சாலைக்கு வந்துவிட்டது. வனத்துறைக்காரர்கள் ஓசூர்ப் பக்கம் போகிற வண்டிகளை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். சரக்கு ஏற்றிய எங்கள் லாரிகள் கேட்டுக்கு உள்ளே, வந்த லாரிகள் கேட்டுக்கு வெளியே. நான் பேப்பரை எடுத்துக்கொண்டு நடந்தே போனேன். அந்த மாதத்துப் பனி உங்களுக்குத் தெரியும், ஒன்பது மணிக்கும் எதிரே வருகிற ஆள் தெரியாது. டிரைவர்கள் யாரும் என்ஜினை அணைக்கவில்லை. புகை மேலே போக வழியில்லாமல் மூடி போட்ட சட்டிக்குள் இருப்பது போல அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. கேட்டை நெருங்குவதற்குள் எனக்கே கண் எரிந்து தொண்டை கமறியது.

முனிராஜ் தடுப்புக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்வெட்டர், மப்ளர், குல்லா. அந்தக் குளிரில் நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்வை. ஒரு கையால் தாடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனு இல்ல சிஸ்டர், ஒண்ணுமில்ல. கேஸுதான். இன்னிக்கு தாடை வரைக்கும் ஏறிடுச்சு. எங்க கையெழுத்துப் போடணும், குடுங்க."

என் கையிலிருந்த பேப்பரில் 'தகுதி' என்று என் கையெழுத்து இருந்தது. எதிரே நின்ற மனிதர் குளிரில் வியர்த்துக்கொண்டிருந்தார்.

பேப்பரை மடித்துப் பையில் வைத்தேன். அவரை அணைத்துப் பிடித்து, புகை எட்டாத பக்கமாகக் கொண்டுபோய் உட்கார வைத்தேன். வயிற்றில் புண் உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டுவிட்டு ஆஸ்பிரின் மாத்திரையை மென்று விழுங்கச் சொன்னேன். எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவர் மாதேஷ் வண்டியோடு வந்து சேர்ந்தான். ஏற்றிப் படுக்க வைத்து ஆக்சிஜனை மாட்டினேன்.

"ஓசூர் ரோடு அடைப்பு சிஸ்டர்," என்றான் மாதேஷ். "குட்டியோட நிக்குதாம். அரை மணியில காடு ஏறிடும்ங்கறாங்க. வெயிட் பண்ணலாமா?"

ஓசூர் கிட்டத்தில். சூளகிரி போய் நெடுஞ்சாலை ஏறினால் கிருஷ்ணகிரி, அது சுற்று. ஆனால் யானை யாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது? "சூளகிரி வழியா கிருஷ்ணகிரிக்கு விடு" என்றேன்.

இனிமேல் சொல்லப்போவதை மட்டும் கவனமாகக் கேளுங்கள். கேட்டை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் பனி விலகி வெயில் விழுந்தது. முனிராஜ் முகத்தில் ரத்தம் திரும்பியது. வியர்வை நின்றது. முகமூடியை விலக்கிவிட்டு, "வலி எறங்கிடுச்சு சிஸ்டர். அப்பாடா! திருப்பிடு மாதேசு, கேட்ல ஆளில்ல. பன்னெண்டு மணிக்குப் பேப்பரு போவணும். இந்த வேல போச்சுன்னா எம்பொண்ணு படிப்பு என்னாவறது?" என்றார்.

மாதேஷ் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்கும் திரும்பிவிடலாம் என்றே தோன்றியது. வலி இல்லை, முகம் தெளிந்துவிட்டது, பேப்பர் தயாராகப் பையில் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் சோறு பன்னிரண்டு மணியில் நிற்கிறது. கேஸைப் போய் மாரடைப்பு என்று கூட்டிக்கொண்டு போனால் ஊரே சிரிக்கும்.

அப்போதுதான் அவர் அன்று சொன்னது காதில் விழுந்தது. லீவில் வருவதில்லை, வண்டி வரிசை கட்டி நின்றால் கூடுகிறது. இன்றும் புகையை விட்டு வந்ததும் இறங்கியிருக்கிறது. வயிற்றில் இருக்கும் காற்றுக்கு வெளியே லாரி நிற்பது எப்படித் தெரியும்? தெரிந்துகொள்ளும் உறுப்பு நெஞ்சுக்குள் ஒன்றுதான் இருக்கிறது. வலி இறங்கியதே அது இதயம் என்பதற்குச் சாட்சி.

"மாதேஷு, பிரேக்ல காலை வச்சே, காலை ஒடிச்சிடுவேன். ஓட்டு!" என்று கத்தினேன். ஆம்புலன்ஸ் பறந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மாவுக்கு என் பெண் வயதுதான் இருக்கும். உள்ளே குழாய் விட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "முன்பக்கத்து முக்கியமான ரத்தக்குழாய்ல நூல் அளவுதாம்மா வழி இருந்துச்சு. ஸ்டென்ட் வச்சாச்சு. அங்கேயே இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருந்தா கொண்டுவந்து பிரயோஜனம் இருந்திருக்காது" என்றார்.

"பீடி, சிகரெட்?"

"தொட்டதே இல்ல டாக்டர்."

"எங்க வேலை?"

"லாரி கேட்டுல."

"அப்போ ஏன் இல்லைன்னு சொல்றீங்க? அத்தனை லாரி ஊதுன புகையையும் இவர்தானே குடிச்சிருக்கார்!" பிறகு பேனாவை எடுத்தார். "வேலை நாள்ல பிரஷர் எவ்வளவு இருக்கும்?"

என்னிடம் சொல்ல ஓர் எண்கூட இல்லை. எத்தனையோ வருடப் பதிவேட்டில் ஒரு வேலை நாள் கிடையாது. உலை தூங்கிய நாளில், லாரி வராத நாளில், பொரிகடலைக்குக் காத்திருந்த மனிதர்களின் பிரஷரைத்தான் நான் அழகாக எழுதி வைத்திருந்தேன்.

திரும்பி வந்ததும் யாரையும் கேட்கவில்லை. அனுமதி கேட்டால் கமிட்டி போடுவார்கள். வேலை நாட்களில் நானே கருவியைத் தூக்கிக்கொண்டு போனேன். கேட்டை ஒட்டிய எடைமேடை கிளார்க், கேன்டீன் அம்மா, மாற்று செக்யூரிட்டிகள், எல்லாருக்கும் பார்த்தேன். அதே நாற்காலி, அதே கை, ஐந்து நிமிடம் உட்கார வைத்து அப்புறம் பட்டை. இரைச்சல், தூக்கக்கேடு, ஊறுகாய் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் எடைமேடை கிளார்க் காலை முதல் மாலை வரை ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறவர், எல்லா நாளும் அதே வேலை. லாரி குவிந்த நாட்களில் அவருக்கு ஏறியது, குறைந்த நாட்களில் இறங்கியது. வாரவிடுமுறை முடிந்து வந்த காலையில் குழந்தை மாதிரி இருந்தது. தேதி தெரியாமல் அந்த எண்ணை மட்டும் என்னிடம் காட்டியிருந்தால், அன்று கேட்டில் வண்டி நின்றதா இல்லையா என்று சொல்லியிருப்பேன்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. இதைச் சொல்ல வெட்கமில்லை. எண்களைக் குறித்திருந்த பேப்பரைச் சாப்பாட்டு நேரம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரிகிற தூசியை மூக்கு பிடித்துவிடும், தொண்டை காறித் துப்பிவிடும். தெரியாத பொடி நுரையீரலின் அடிவரை போய், அங்கிருந்து ரத்தத்துக்கே இறங்கிவிடுகிறது. புகையோடு வருகிற கார்பன் மோனாக்சைடு, டவுன் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. உடம்பு முழுக்க ஓடுகிற ரத்தக்குழாய்களின் உள்தோலுக்கு இதெல்லாம் உடனே தெரிகிறது. அது இறுகுகிறது, இதயம் கூடத் தள்ளுகிறது. படிப்பில் எனக்கும் இதைச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்திருப்பேன்.

அதைவிட என்னை வாயடைக்க வைத்தது முனிராஜின் இதயம். நூல் அளவு வழியை வைத்துக்கொண்டு அது எத்தனை காலம் ஓடியிருக்கிறது! நாளுக்கு ஒரு லட்சம் தடவை துடித்து, நாலு மொழியில் கத்த வைத்து, களி செரிக்க வைத்து, பெண்ணைப் பற்றிப் பெருமை பேச வைத்திருக்கிறது. நடுநடுவே, முடியவில்லை என்று சொல்லியும் அனுப்பியது. நான்தான் அதற்கு ரோஸ் மருந்து ஊற்றினேன். எத்தனை பெரிய பொறுமை அது! கை எடுத்துக் கும்பிடத் தோன்றியது.

சங்கரலிங்கம் எப்படியோ பேசி அந்த இடத்தை இரண்டு மாதம் காலியாக வைத்திருந்தார். அந்த நன்றியை நான் மறக்கக் கூடாது. டாக்டர் அனுமதித்ததும் முனிராஜ் வந்து என் எதிரே உட்கார்ந்தார். அதே படிவம். தகுதி, தகுதியில்லை, இரண்டே கட்டம்.

"ஃபிட்டுன்னு போடுங்க சிஸ்டர். டாக்டரே வேல செய்யலாம்னு சொல்லிட்டாங்க. பொண்ணு இன்னும் ரெண்டு வருசம் படிக்கணும்."

தகுதியில்லை என்று போட்டால் சோறு போகும். தகுதி என்று போட்டால் அதே புகைக்கு அனுப்புகிறேன், உயிர் போகும். எந்தக் கட்டத்தில் டிக் அடித்தாலும் அவர் தலையில்தான் விழும். கடைசியில் கட்டங்களை விட்டுவிட்டுக் கீழே குறிப்பு எழுதும் இடத்தில் எழுதினேன்: 'முனிராஜ் தகுதி. இரண்டாம் கேட் தகுதியில்லை.' கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

கால் மணி நேரத்தில் சங்கரலிங்கம் பேப்பரோடு வந்து நின்றார். "என்ன சிஸ்டர் இப்படி எழுதி வச்சிருக்கிய? ஆளுக்குத்தான் மெடிக்கல் பண்ணுவாவ. கேட்டுக்கா பண்ணுவாவ?"

"பண்ணலாம், வாங்க" என்று கருவியை எடுத்துக்கொண்டேன்.

கேட்டில் நாலு லாரி உறுமிக்கொண்டு நின்றது. முனிராஜ் உட்காரும் நாற்காலியில் சங்கரலிங்கத்தை உட்கார வைத்தேன். தினமும் ஷட்டில் ஆடுகிற உடம்பு, ஒரு நோய் கிடையாது. பட்டையைச் சுற்றிப் பார்த்து எண்ணைச் சொன்னேன். டீ வந்தது, குடித்தார். போனில் இரண்டு பேரைத் திட்டினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தேன். ஏறியிருந்தது.

"இது கோவத்துல ஏறுனதுல்லா?"

"இருக்கலாம் சார். கோவம் எறங்கட்டும், உக்காருங்க."

உட்கார்ந்தார். ஐந்தாவது லாரி வந்து சேர்ந்தது. அவர் கண்ணைக் கசக்கினார், இருமினார். மூன்றாவது முறை பட்டையைச் சுற்றியபோது, நான் சொல்வதற்குக் காத்திருக்காமல் கருவியின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பைவிடவும் ஏறியிருந்தது.

பட்டையைத் தானே கழற்றி என் மடியில் வைத்துவிட்டு எழுந்தார். முதல் லாரிக்குப் போய்க் கதவைத் தட்டி, "அண்ணாச்சி, வண்டிய ஆஃப் பண்ணுங்க" என்றார். அடுத்த லாரிக்குப் போனார். அதற்கடுத்ததற்கும் போனார். ஒவ்வொன்றாக அடங்கியது. ஐந்தாவதும் அடங்கிய பிறகு திரும்பி வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்து என் பக்கம் நீட்டினார்.

"கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொருக்கா பாருங்க சிஸ்டர்" என்றார். "அதுவர நா எங்கயும் போகல."